அந்தலூசியாவின் வெள்ளை ஊர்களில் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு ஸ்பெயினின் மலைச்சாலைகளில் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்ததிலிருந்து நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் என்னிடம் ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். தொலைபேசியில் பத்தாவது முறை பதில் சொன்ன பிறகு எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஸ்பெயின் பெரிய நாடாயிற்றே, நீங்கள் சொல்லும் இடம் சரியாக எங்கே இருக்கிறது?

தெற்கே, அந்தலூசியா மாநிலத்தில், காதிஸ், மலகா மாவட்டங்கள் சந்திக்கும் மலைப்பகுதி. ரோந்தா என்ற நகரத்தை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி கிராசலேமா, சாரா, செத்தெனில், ஓல்வேரா, எல் போஸ்கே என்று சிற்றூர்கள். மேற்கே சமவெளி தொடங்கும் இடத்தில் ஆர்கோஸ். சுவர்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருப்பதால் இவற்றுக்கு ‘புவெப்லோஸ் பிளாங்கோஸ்’, அதாவது வெள்ளை ஊர்கள் என்று பெயர். சாரா என்பதை ஸ்பானிஷில் எழுதும்போது நடுவில் ஒரு ‘ஹ’ வரும், ஆனால் அதை உச்சரிப்பதில்லை. ‘சஹாரா’ என்று வழி கேட்டால் பாலைவனத்துக்குப் போகிறீர்களா என்று சிரிப்பார்கள்.

நடுவே நிற்பது கிராசலேமா மலைத்தொடர். 1977இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. பின்சாப்போ என்ற அரிய ஊசியிலை மரம் இங்கே காடாகவே வளர்கிறது. மலையாக இருந்தாலும் தார்ச்சாலைகள் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன, போக்குவரத்தும் குறைவு. சைக்கிள்காரனுக்கு வேறு என்ன வேண்டும்?

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் எண்பது கிலோமீட்டர் ஓட்டுகிறேன். அங்கேயும் எண்பது ஓட்டலாம்தானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கிலோமீட்டர் கணக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இந்த ஊர்ப்பக்கம் தூரத்தை மீட்டரில்தான் எண்ண வேண்டும், அதுவும் செங்குத்தாக.

கணக்கு எளிது. எட்டு சதவீத ஏற்றம் என்றால் நூறு மீட்டர் ஓட்டினால் எட்டு மீட்டர் உயர்கிறீர்கள். அது பத்து கிலோமீட்டர் தொடர்ந்தால் எண்ணூறு மீட்டர். சமதரையில் மணிக்கு இருபத்தைந்தில் பறக்கிறவர் அங்கே எட்டு, ஒன்பதில் ஊர்வார். சமதரையில் எண்பது ஓட்டுபவர் இங்கே முதல் நாள் நாற்பது கிலோமீட்டரும் ஆயிரத்துக்குக் குறைவான ஏற்றமும் வைத்துக்கொண்டால் மாலையில் ஊரைச் சுற்றிப் பார்க்கக் காலில் தெம்பு மிச்சம் இருக்கும். நான் முதல் நாள் எண்பது போட்டேன். அன்று மாலை ரோந்தாவின் புகழ்பெற்ற பாலத்தை விடுதி ஜன்னலில் இருந்துதான் பார்த்தேன்.

எந்த மாதம் போகலாம்?

ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர் பிற்பகுதியும் அக்டோபரும். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். நமக்கு வெயில் பழக்கம்தானே என்று நினைப்போம். நிழலில்லாத ஏற்றத்தில், காற்றே உங்களை எட்டாத வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அந்தப் பழக்கம் உதவாது.

மழையையும் குறைத்து எடைபோடாதீர்கள். தெற்கு ஸ்பெயின் என்றால் வறண்ட நிலம் என்றுதான் படம் மனதில் வரும். ஆனால் அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேகங்கள் முதலில் மோதும் உயரமான தடை இந்த மலைத்தொடர். அதனால் நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் ஊர்களில் கிராசலேமாவும் ஒன்று. ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர். பெரும்பகுதி குளிர்காலத்தில் கொட்டிவிடும். இருந்தாலும் ஏப்ரலில்கூட மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொள்ளும் மெல்லிய மழைச்சட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். ஏறும்போது தேவைப்படாது, இறங்கும்போது குளிர்காற்றுக்கு அதுதான் காப்பு.

ஊர்கள் எல்லாம் ஏன் மலை உச்சியில் இருக்கின்றன? கீழே கட்டியிருக்கக் கூடாதா?

நானும் ஒவ்வொரு மாலையும் கடைசி இரண்டு கிலோமீட்டரில் இதையே, இன்னும் கொஞ்சம் கடுமையான சொற்களில், கேட்டுக்கொண்டேன். விடை பெயரிலேயே இருக்கிறது. ஆர்கோஸ் ஊரின் முழுப்பெயர் ஆர்கோஸ் தெ லா ஃப்ரொந்தேரா. ‘ஃப்ரொந்தேரா’ என்றால் எல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சுமார் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, ஒருபுறம் காஸ்தீயாவின் கிறிஸ்தவ அரசு, மறுபுறம் கிரனாதாவின் முஸ்லிம் அரசு, இடையே இந்த மலைகள். எதிரி வருவதைத் தொலைவிலேயே பார்க்க வேண்டும், வந்தால் மூச்சு வாங்க வேண்டும். அதற்காகவே உச்சியில் கோட்டை கட்டினார்கள், கோட்டையை ஒட்டி ஊர் வளர்ந்தது. மூச்சு வாங்க வைக்கும் ஏற்பாடு இன்றைக்கும் குறையில்லாமல் வேலை செய்கிறது.

1481 டிசம்பரில் கிரனாதாப் படை சாரா கோட்டையை இரவோடு இரவாகப் பிடித்தது. அதிலிருந்து மூண்ட போர் பத்தாண்டு நீடித்து, 1492இல் கிரனாதாவின் வீழ்ச்சியில் முடிந்தது. இடையில் 1484இல் செத்தெனில், 1485இல் ரோந்தா ஒவ்வொன்றாகக் கைமாறின. சாராவின் கோபுரத்தடியில் நின்று கீழே ஏரியையும் வளைந்து வரும் சாலையையும் பார்த்தால், அந்தச் சாலையில் வரும் ஒற்றைச் சைக்கிள்கூட அரை மணி நேரம் முன்பே கண்ணில் படும்.

செத்தெனில் மட்டும் விதிவிலக்கு. அது பள்ளத்தாக்குக்குள் இருக்கிறது. ஆறு அரித்த பாறைக்கு அடியிலேயே வீடுகள். பல வீடுகளுக்குப் பாறைதான் கூரை. அந்த ஊருக்குள் சுகமாக இறங்கிப் போவீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்டபின் ஏறி வெளியே வர வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

மலகா விமான நிலையத்திலிருந்து ரோந்தாவுக்குச் சைக்கிளிலேயே போய்விடலாமா?

வேண்டாம். சுமார் நூறு கிலோமீட்டர். கடற்கரையிலிருந்து ரோந்தாவுக்கு ஏறும் ஏ-397 சாலை ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்கிறது, அதில் வேகமாகப் போகும் வண்டிகளும் அதிகம். பஸ்ஸில் போங்கள், அல்லது ரயிலில். ரோந்தா வழியாகப் போகும் அல்ஹெசிராஸ் பாதை அழகானது. நடுத்தரத் தூர ரயில்களில் சைக்கிளுக்கு ஓரிரு இடங்களே உண்டு என்பதால் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அதிவேக ரயில்களில் கழற்றிப் பையில் கட்டிய சைக்கிளை மட்டும்தான் ஏற்றவிடுவார்கள்.

சொந்தச் சைக்கிளைக் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா?

பத்து நாளுக்குக் குறைவான பயணம் என்றால் வாடகை. இரண்டு விஷயங்களை மட்டும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஒன்று, கியர். முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தில் 34 பல், பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் குறைந்தது 32, முடிந்தால் 34. அப்போது பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரமும் ஒரே சுற்று சுற்றும், முழங்கால் பிழைக்கும். எனக்கு ‘மலைக்கு ஏற்ற சைக்கிள்’ என்று ஒரு கடையில் கொடுத்ததில் பின்னால் 25 பல்தான் இருந்தது. கடை வாசலிலேயே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். நான் எண்ணியது ஏற்றத்தின் மூன்றாவது கிலோமீட்டரில், இறங்கி நின்று. இரண்டு, டயர். 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் கேளுங்கள். ஏன் என்பது கல் தெருக்களைப் பற்றிய கேள்வியில் வருகிறது.

இன்னொன்றை யாரும் எச்சரிக்க மாட்டார்கள். நம் ஊர்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கைப் பிடிதான் முன் பிரேக். அங்கே இடக்கைப் பிடி முன் பிரேக். பின் பிரேக் என்று நினைத்து இடக்கையை இறுக்கினால் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பீர்கள். கடையில் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள். மாற்றவில்லை என்றால், முதல் அரை மணி நேரம் சமதரையில் ஓட்டி விரல்களுக்குப் பழக்குங்கள்.

சாலையில் லாரி, கார் எல்லாம் உரசிக்கொண்டு போகாதா?

இதுதான் என்னை மிகவும் வியக்க வைத்தது. சைக்கிளை முந்தும் வண்டி குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது ஸ்பெயின் நாட்டுச் சட்டம். ஒரே திசையில் இரண்டு தடம் இருந்தால் முழுவதுமாக அடுத்த தடத்துக்கு மாறித்தான் முந்த வேண்டும். பாதுகாப்பாக இருக்குமானால், சைக்கிளை முந்துவதற்காகச் சாலை நடுவில் இடைவெளியில்லாமல் போட்டிருக்கும் தொடர்கோட்டைத் தாண்டவும் அனுமதி உண்டு. சட்டம் எல்லா ஊரிலும்தான் இருக்கிறது; அங்கே கடைப்பிடிக்கிறார்கள். எனக்குப் பின்னால் ஒரு ஆலிவ் லாரி இரண்டு வளைவுகள் முழுக்க ஹாரன் அடிக்காமல் ஊர்ந்து வந்தது. எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது, ஓரமாக நின்று வழிவிட்டேன். ஓட்டுநர் கை அசைத்துவிட்டுப் போனார்.

நம் பக்கக் கடமைகளும் உண்டு. வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடும் நாடு. வட்டச் சந்திப்புகளில் இடமிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டக்கூடாது. இருவர் இணையாக ஓட்டலாம், ஆனால் கண்மறைவான வளைவுகளில் ஒருவர் பின் ஒருவராக. மதிய உணவோடு ஒயின் குடிப்பவர்கள் கவனிக்க: மதுவுக்கான வரம்பு சைக்கிள் ஓட்டுபவருக்கும் பொருந்தும்.

ஏறிவிடுவேன். இறங்கத்தான் பயம்.

நியாயமான பயம். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள். கையும் சோரும், பிரேக்கும் சூடேறும். நேர்ப்பகுதியில் ஓடவிட்டு, வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். பள்ளத்தைப் பார்த்தால் சைக்கிளும் அங்கேதான் போகும்.

ஆடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிராசலேமாப் பகுதியில் வெள்ளாடுகள் சாலையில் படுத்திருப்பது வழக்கம். கழுத்துமணி ஓசை கேட்டால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். ஒரு வளைவுக்குப் பின்னால் கிடா ஒன்று சாலையின் நட்டநடுவில் நின்று என்னைப் பார்த்தது. நான் நின்றேன். அது நகரவில்லை. கடைசியில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நான்தான் சுற்றிப்போனேன்.

சைவம் சாப்பிடுபவர் அங்கே பிழைக்க முடியுமா?

முடியும், ஆனால் கேட்கும் விதத்தில் இருக்கிறது. ‘சின் கார்னே’, அதாவது இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. நான் சொன்னேன், சாலட்டின் மேல் சூரை மீன் தூவி வந்தது. ‘கார்னே’ என்றால் பலருக்கு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சிதான். மீனும், மெல்லியதாகச் சீவிய பன்றித்தொடையும் அந்தக் கணக்கில் வராது. ‘சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ’ என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

காலை உணவில் சிக்கலே இல்லை. எந்தச் சிற்றூர் பாரிலும் வாட்டிய ரொட்டியின் மேல் அரைத்த தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றித் தருவார்கள். மேசையில் எண்ணெய்ப் புட்டி இருக்கும், கூச்சப்படாமல் ஊற்றிக்கொள்ளலாம். முட்டை சாப்பிடுபவருக்கு தோர்த்தீயா என்ற தடித்த உருளைக்கிழங்கு ஆம்லெட் இருக்கிறது. தேன்பாகு ஊற்றிய கத்திரிக்காய் வறுவல், கஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளிச் சாறு இரண்டும் சைவம். சால்மொரேஹோ என்ற கெட்டியான சாற்றின் மேல் முட்டையும் பன்றித்தொடையும் தூவுவார்கள், முன்னமே தடுக்க வேண்டும். கிராசலேமா சூப் என்று ஊர்ப்பெயரோடு வருவதில் தொத்திறைச்சி இருக்கும். ஊர்ப்பெருமையான பயோயா ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி அருமை. ஸ்பெயினின் மரபான பாலாடைக்கட்டிகள் பலவற்றில் விலங்குக் குடல் நொதி சேர்ப்பதால், கட்டுப்பாடு உள்ளவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது.

உணவைவிட நேரம்தான் பெரிய சிக்கல். மதியச் சமையல் இரண்டு மணி வாக்கில் தொடங்கி நான்கு மணிக்கு முடிந்துவிடும். இரவுச் சமையல் எட்டரைக்கு முன் தொடங்காது. கடைகள் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை மூடியிருக்கும், ஞாயிறு முழுக்க மூடியிருக்கும். ஐந்து மணிக்குப் பசியோடு ஊருக்குள் வந்தால் பூனைதான் வரவேற்கும். பையில் வாழைப்பழமும் பாதாமும் எப்போதும் இருக்கட்டும்.

வழியில் தண்ணீர் கிடைக்குமா?

ஊர்களில் கிடைக்கும், ஊர்களுக்கு இடையே நம்ப வேண்டாம். ஏறக்குறைய ஒவ்வொரு ஊர்ச் சதுக்கத்திலும் கல்லால் கட்டிய நீரூற்றுக் குழாய் இருக்கும். ‘ஆகுவா பொதாப்லே’ என்று எழுதியிருந்தால் குடிக்கலாம். ‘நோ பொதாப்லே’ என்றால் கூடாது. ‘நோ த்ராதாதா’ என்றால் சுத்திகரிக்காத ஊற்றுநீர்; ஊர்க்காரர்கள் குடிப்பார்கள், புதிதாக வந்த வயிறு குடிக்காமலிருப்பது நல்லது. இரண்டு புட்டிகளையும் நிரப்பாமல் எந்த ஏற்றத்தையும் தொடங்காதீர்கள்.

‘புறாக் கணவாய்’ என்று எல்லோரும் பேசுகிறார்களே, அது அவ்வளவு கடினமா?

புவெர்த்தோ தெ லாஸ் பலோமாஸ்; சாராவுக்கும் கிராசலேமாவுக்கும் நடுவே, கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேலே உள்ள கணவாய். எந்தப் பக்கத்திலிருந்து ஏறுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. கிராசலேமா ஏற்கெனவே எண்ணூறு மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கிருந்து ஒரு காபி குடித்த தெம்பிலேயே ஏறிவிடலாம். சாராவின் ஏரிக்கரையிலிருந்து ஏறினால் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், ஏறக்குறைய எண்ணூறு மீட்டர் உயரம். சாலை பாறைமுகத்தில் கொண்டை ஊசிகளாக மடிந்து மடிந்து போகிறது, நிழல் அதிகமில்லை.

கடினம்தான், ஆனால் நேர்மையான கடினம். திடீரென்று முகத்தில் அறையும் பகுதிகள் குறைவு, ஒரே சீராக ஏறும். காலை ஒன்பதுக்கு முன் தொடங்குங்கள். பாதி வழிக்கு மேல் ஏரி நீலத் துணுக்காகக் கீழே சுருங்கும். அப்போது உங்கள் மட்டத்திலேயே, சில நேரம் உங்களுக்குக் கீழேயும், பிணந்தின்னிக் கழுகுகள் சிறகசைக்காமல் வட்டமிடும். மேலேயிருந்து பார்க்கும்போதுதான் அதன் முதுகு மணல் நிறம் என்று தெரிந்தது. என் வேகத்தைப் பார்த்துத்தான் சுற்றுகின்றனவோ என்ற ஐயமும் வந்தது.

இரண்டு நாள் இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

முதல் நாள், ரோந்தாவிலிருந்து செத்தெனில், தோர்ரே அல்ஹாகிமே வழியாக ஓல்வேரா, அங்கே தங்கல். முப்பத்தைந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே ஏறி இறங்கும் சாலை. செத்தெனிலில் மதிய உணவு. பாறைக்கூரையின் கீழ் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் பயணிகள் பஸ்கள் வருவதற்கு முன், ஒன்றரைக்கே போய்விடுங்கள்.

இரண்டாவது நாளுக்கு ஒரு காரோ பஸ்ஸோ பிடித்து கிராசலேமாவுக்கு வந்து, புறாக் கணவாயைச் சுலபமான பக்கத்திலிருந்து ஏறி, சாராவுக்கு இறங்கி, ஏ-2300 சாலை வழியாக கிராசலேமாவுக்கே திரும்புங்கள். ஐம்பது கிலோமீட்டருக்குள் அடங்கும் வட்டம். முழங்கால் வலிமையுள்ளவர்கள் இதையே எதிர்த்திசையில் போகலாம்.

என் மனைவிக்கு ஏற்றமே பிடிக்காது. அவருக்கு வழியுண்டா?

உண்டு, அதுவும் உங்கள் வழியைவிட அழகான வழி. ஓல்வேராவிலிருந்து புவெர்த்தோ செர்ரானோ வரை 36 கிலோமீட்டர் ‘வியா வெர்தே தெ லா சியர்ரா’, பசுமைவழி. 1920களில் ரயிலுக்காகப் போட்ட பாதை. முப்பது சுரங்கம், நான்கு பாலம் எல்லாம் கட்டியபின் பணி நின்றுபோனது. ஒரு ரயில்கூட ஓடவில்லை. ரயிலுக்காக அமைத்த பாதை என்பதால் சரிவு மிக மென்மை. கார்கள் இல்லை. வழியில் சாஃப்ராமாகோன் பாறையில் கழுகுகளின் பெரிய குடியிருப்பு இருக்கிறது.

இது தார்ச்சாலை இல்லை, இறுக்கிய மண்பாதை. மெல்லிய டயர் சைக்கிள் ஒத்துவராது. தடித்த டயர் சைக்கிள்கள் வாடகைக்குக் கிடைக்கும். மிக நீளமான சுரங்கம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். உள்ளே விளக்குகள் இருந்தாலும் சொந்த விளக்கு ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். ஓல்வேராவிலிருந்து கிளம்பினால் மொத்தத்தில் இறக்கமாகவே இருக்கும்.

ஊருக்குள் தெருக்களில் ஓட்ட முடியுமா?

முடியும் இடங்களும் உண்டு, இறங்கித் தள்ள வேண்டிய இடங்களே அதிகம். கல் பாவிய தெருக்கள், பலவற்றில் பதினைந்து சதவீதத்துக்கும் மேல் சரிவு, நூற்றாண்டுகளாக நடந்து வழவழப்பான கற்கள். மழையில் சோப்பு போட்டதுபோல வழுக்கும். 28 மில்லிமீட்டர் டயர் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். காலணியின் அடியில் உலோக ஆணி உள்ளவர்கள் சைக்கிளில் விழுவதைவிட நடந்து விழுவதற்கு வாய்ப்பு அதிகம்.

ரோந்தாவில் கட்டாயம் இறங்கித் தள்ளுங்கள். 1793இல் கட்டி முடித்த புவெந்தே நுவெவோ, அதாவது ‘புதிய பாலம்’, பள்ளத்தாக்குக்கு மேலே 98 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கைப்பிடிச்சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு எட்டிப் பார்த்தேன். கீழே பறவைகளின் முதுகு தெரிந்தது. பக்கத்தில் ஒரு முதியவர் என் சைக்கிளை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். சாய்த்து வைத்தது சரியில்லை என்று பிறகுதான் புரிந்தது.

கைப்பேசி வரைபடம் ஒரு குறுக்குவழி காட்டுகிறது, பத்து கிலோமீட்டர் மிச்சமாம். போகலாமா?

பெரும்பாலும் அது ஆலிவ் தோப்புக்குள் போகும் டிராக்டர் பாதையாக இருக்கும். முதல் கிலோமீட்டர் தார், பிறகு சரளை, பிறகு பூட்டிய வாயிற்கதவு. செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். சாலையின் நடுவில் வெள்ளைக்கோடு தெரியவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். குறுக்குவழி மிச்சப்படுத்தும் கிலோமீட்டரைப் பார்க்காமல், எத்தனை மீட்டர் ஏறுகிறது என்று பாருங்கள். இரண்டாவது கேள்விக்குச் சொன்ன கணக்குதான்.

ஸ்பானிஷ் தெரியாது, தனியாகப் போகிறேன். நடுவழியில் ஏதாவது ஆனால்?

அவசர எண் 112. ஆங்கிலத்தில் பேசுபவரைக் கேட்கலாம். பள்ளத்தாக்குகளில் கைப்பேசிக்குச் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். ஆகவே கிளம்பும்போதே எந்தச் சாலையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்று விடுதிக்காரரிடம் தாளில் எழுதிக் கொடுங்கள். இரண்டு டியூப், பம்பு, டயர் நெம்புகோல், சங்கிலி இணைப்பு ஒன்று. சிற்றூர்களில் சைக்கிள் கடையை எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் ரோந்தாவுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

எனக்குப் பஞ்சரானது எல் போஸ்கேக்கு வெளியே, பிற்பகல் மூன்று மணிக்கு, ஊரே தூங்கும் நேரத்தில். டியூப் இருந்தது; பம்பின் முனைதான் உடைந்திருந்தது. ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். தூக்கக் கலக்கத்தோடு வந்த அம்மா என்னையும் சக்கரத்தையும் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்துத் திரும்பினேன். கொல்லைப்புறத்திலிருந்து பேரனின் சைக்கிள் பம்பும் ஒரு குவளைத் தண்ணீருமாக வந்தார்.